அனல் மின் நிலையச் சாம்பல், ஜிப்சம், கழிவுநீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புகைபோக்கியில் கரும்புகை தெரியவில்லை என்றால் மின் நிலையம் சுத்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். வானத்துக்குப் போயிருக்க வேண்டியதைப் பிடித்துத் தரையில் இறக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இறக்கியது எங்கே போகிறது என்று வீடு கட்டுபவர்களும் விவசாயிகளும் மின் நிலையத்தை ஒட்டி வசிப்பவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள்.

நிலக்கரியை எரித்த பிறகு என்னென்ன மிஞ்சுகின்றன?

நிலக்கரியை மாவாக அரைத்துக் கொதிகலனுக்குள் ஊதி எரிக்கிறார்கள். எரியாத கனிமத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கட்டிதட்டி அடியில் விழுகிறது. அது அடிச்சாம்பல். மற்ற நான்கு பங்கும் புகையோடு பறக்கிறது. கட்டடத் தொழிலில் ஃபிளை ஆஷ் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். புகைபோக்கிக்கு முன்னால் இருக்கும் ஈ.எஸ்.பி. என்ற கருவி இந்தத் தூசுக்கு மின்னேற்றம் கொடுத்து இரும்புத் தகடுகளில் ஒட்ட வைக்கும். தகடுகளைத் தட்டினால் கீழே உள்ள கூம்புத் தொட்டிகளில் சாம்பல் கொட்டும். நன்றாகப் பராமரித்தால் 99 சதவீதத்துக்கு மேல் பிடிபடும்.

கந்தக டை ஆக்சைடைப் பிடிக்க எஃப்.ஜி.டி. என்ற கருவி பொருத்திய நிலையங்களில் ஜிப்சமும், உப்பும் உலோகங்களும் கலந்த கழிவுநீரும் கூடுதலாகக் கிடைக்கும். நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்க வினையூக்கி வைத்திருந்தால், சில ஆண்டுகளில் தேய்ந்துபோகும் அந்த வினையூக்கியும் கழிவுதான். அளவில் சாம்பல்தான் மற்ற எல்லாவற்றையும் மூழ்கடிக்கிறது.

அப்படி எவ்வளவு சாம்பல்?

மின் கட்டண அட்டையை எடுத்துப் பாருங்கள். இந்திய நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்கச் சுமார் 700 கிராம் தேவை. அதில் 35 சதவீதம் சாம்பல் என்று வைத்துக்கொண்டால் யூனிட்டுக்குக் கால் கிலோ. இரண்டு மாதத்தில் 400 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு, அது முழுவதும் உள்நாட்டு நிலக்கரியில் வந்ததாகக் கொண்டால், 100 கிலோ சாம்பல், அதாவது இரண்டு சிமென்ட் மூட்டை எடை. நாடு முழுவதற்கும் 2021-22 கணக்கு 27 கோடி டன்.

இறக்குமதி நிலக்கரியில் சாம்பல் இதில் பாதிகூட இருக்காது. நெய்வேலி பழுப்பு நிலக்கரியிலும் சாம்பல் குறைவு. நம் நிலக்கரியில் மண் அதிகம். ஆயிரம் கிலோமீட்டர் ரயிலிலும் கப்பலிலும் அந்த மண்ணையும் சேர்த்துத்தான் சுமந்து வருகிறோம். சுரங்க வாயிலிலேயே கழுவி அனுப்பினால் இங்கே சாம்பல் குறையும். ஆனால் கழுவிய கழிவு அங்கே குவியும்.

சாம்பல் விஷமா?

ஒரு கைப்பிடி உலர்ந்த ஃபிளை ஆஷைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும் உருகி உறைந்த நுண்ணிய கண்ணாடி உருண்டைகள். ஆபத்து இரண்டு வழிகளில் வருகிறது.

ஒன்று, மூச்சு. நுரையீரலின் ஆழம் வரை போகும் அளவுக்கு நுண்மையான துகள்கள் இதில் உண்டு. ஈ.எஸ்.பி.யின் கடைசி வரிசைகளில் பிடிபடுவதே மிக நுண்மையானது. இரண்டாவது, தண்ணீர். நிலக்கரி எரியும்போது ஆவியாகும் ஆர்செனிக், செலினியம், போரான் போன்றவை புகை ஆறும்போது சாம்பல் துகள்களின் மேற்பரப்பில் படிகின்றன. மேற்பரப்பில் இருப்பதால் தண்ணீர் பட்டதும் கழன்றுவிடுகின்றன. உலர்ந்து கிடக்கும் வரை தொந்தரவு இல்லாத பொருள், தண்ணீரில் ஊறினால் நிலத்தடி நீரின் பிரச்சினையாகிவிடுகிறது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். பின்னால் வரும் பதில்களில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கிறது.

சட்டத்தின் கண்ணில் இது அபாயகரக் கழிவு அல்ல. 2016 ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள், ‘அதிக அளவு, குறைந்த பாதிப்பு’ உள்ள கழிவு என்று இதைத் தனியாக ஒதுக்கிவிட்டன. கிலோ கணக்கில் பாதிப்பு குறைவு என்பது சரி. அந்தக் குறைந்த பாதிப்பை 27 கோடி டன்னால் பெருக்கிப் பார்க்கவும் வேண்டும் அல்லவா?

கதிர்வீச்சு உண்டு என்கிறார்களே?

நிலக்கரியில் யுரேனியமும் தோரியமும் மிகச் சிறிய அளவில் உண்டு. கரி எரிந்து போவதால் சாம்பலில் அவற்றின் செறிவு பல மடங்காகிறது. அப்படியும் அது கிரானைட், களிப்பாறை போன்ற சாதாரணப் பாறைகளில் காணப்படும் வரம்புக்குள்தான் பெரும்பாலும் நிற்கும். கிரானைட் தரை போட்ட வீட்டில் உட்கார்ந்துகொண்டு இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பிறகு ஏன் தண்ணீரில் கலந்து சாம்பல் குளத்தில் விடுகிறார்கள்?

வசதிக்காக. சாம்பலைத் தண்ணீரோடு கலந்தால் குழாயில் கிலோமீட்டர் கணக்கில் தள்ளலாம். பறக்காது, லாரி வேண்டாம், வாங்க ஆள் தேட வேண்டாம். பழைய முறையில் ஒரு பங்கு சாம்பலுக்கு ஐந்து முதல் பத்து பங்கு தண்ணீர். குளத்தில் சாம்பல் படிய, மேலே தெளிந்த நீரைத் திரும்ப எடுப்பார்கள், அல்லது வெளியே விடுவார்கள்.

இந்த வசதிக்கு விலை கொடுத்த இடத்தைப் பார்க்க வேண்டுமானால் எண்ணூருக்குப் போனால் போதும். வடசென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பல் குழம்பு, கொசஸ்தலை ஆற்றுப் படுகையைக் கடந்து செப்பாக்கம் பக்கத்திலுள்ள குளத்துக்குக் குழாயில் போகிறது. சாம்பல் உராய்ந்து உராய்ந்து இரும்புக் குழாயை உள்ளிருந்து தின்னும். கடற்காற்றின் உப்பு வெளியிலிருந்து தின்னும். ஓட்டை விழுந்த இடங்களில் எல்லாம் ஆற்றில் சாம்பல் படிந்தது. ஆண்டுக்கணக்கில் படிந்ததில் கழிமுகத்தின் ஆழமே குறைந்தது. இடுப்பளவு நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர்களுக்குக் காலடியில் சேறு இருந்த இடத்தில் சாம்பல் தட்டுப்பட்டது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் மீனவர்கள் இதை அதிகாரிகளிடம் சொல்லிச் சொல்லி ஓய்ந்து, தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். செப்பாக்கம் மக்களின் நிலை இன்னும் மோசம்: ஊரைச் சுற்றியே சாம்பல் குளங்கள். கோடையில் குளம் காய்ந்து காற்று எழுந்தால் சோற்றுத் தட்டு வரை சாம்பல் வருகிறது.

இதில் வியப்பூட்டும் தொழில்நுட்ப மர்மம் எதுவும் இல்லை. தேய்ந்த குழாயை உரிய காலத்தில் மாற்றியிருந்தால் பெரும்பகுதி நடந்திருக்காது.

குளத்துக்கு மாற்று உண்டா?

உண்டு. ஈ.எஸ்.பி. தொட்டியிலிருந்து காற்றழுத்தத்தால் சாம்பலை உலர்ந்தபடியே சைலோ என்ற உயரமான சேமிப்புத் தொட்டிக்குத் தள்ளி, மூடிய டேங்கர் லாரியில் ஏற்றிவிடலாம். வாங்க ஆள் இல்லாத மீதியை, 60 சதவீதத்துக்கு மேல் திடப்பொருள் உள்ள கெட்டிக் குழம்பாக அனுப்பினால் தண்ணீர்த் தேவையும் கசிவும் வெகுவாகக் குறையும். குளத்தின் அடியில் களிமண்ணும் தடித்த பிளாஸ்டிக் விரிப்பும் போட வேண்டும். பழைய குளங்கள் பலவற்றில் அடியில் இருப்பது வெறும் மண்தான்.

சாம்பல் குளக் கரை உடையுமா?

உடைந்திருக்கிறது. குளம் நிரம்பியதும் புது இடம் தேடாமல், படிந்த சாம்பல் மேலேயே கரையை எழுப்பி உயர்த்துவது வழக்கம். அதாவது கரையின் அடித்தளமே ஈரச் சாம்பல். கடற்கரை ஈர மணலில் நின்று காலால் தட்டிக்கொண்டே இருந்தால் கெட்டியாக இருந்த மணல் குழைந்து கால் இறங்குமே, அதுதான் ஊறிய சாம்பலுக்கும் நடக்கும். கரைக்குள் நீர்மட்டம் ஏறுகிறதா என்று அளவுக்குழாய் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் கிங்ஸ்டன் மின் நிலையக் குளம் 2008 டிசம்பர் 22 அன்று உடைந்து, 40 லட்சம் கன மீட்டருக்கு மேல் சாம்பல் குழம்பு ஆற்றிலும் வீடுகளிலும் பாய்ந்தது. அன்றிரவு யாரும் இறக்கவில்லை. ஆனால் பல ஆண்டுகள் அதை அள்ளிய தொழிலாளர்களில் பலர் பின்னாளில் நோயுற்று, முகக்கவசம்கூடத் தரவில்லை என்று நீதிமன்றம் போனார்கள். அந்த உடைப்புக்குப் பிறகுதான் அமெரிக்க அரசு நிலக்கரிச் சாம்பலுக்கென்று தனி விதி எழுதத் தொடங்கி 2015ல் வெளியிட்டது.

மத்தியப் பிரதேசத்தின் சிங்ரௌலி மாவட்டத்தில் 2019 ஆகஸ்ட், 2019 அக்டோபர், 2020 ஏப்ரல் என்று எட்டே மாதங்களில் மூன்று வெவ்வேறு நிலையங்களின் குளங்கள் உடைந்தன. மூன்றாவதான சாசன் உடைப்பில் குழந்தைகள் உட்பட ஆறு பேர் உயிரிழந்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1999 செப்டம்பரில் முதல் ஃபிளை ஆஷ் அறிவிக்கை வந்தது. அதன்பின் 2003, 2009, 2016 என்று திருத்தங்கள். கெடு வைப்பதும் தள்ளிப்போடுவதுமாகவே காலம் போயிற்று. 2021 டிசம்பர் 31 அறிவிக்கைதான் முதன்முறையாகக் காசில் கை வைத்தது. உற்பத்தியாகும் சாம்பல் முழுவதையும் மூன்றாண்டுச் சுற்றுக்குள் பயன்படுத்தியாக வேண்டும். தவறினால் மிஞ்சும் ஒவ்வொரு டன்னுக்கும் 1,000 ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு. பழைய குளங்களில் தேங்கிக் கிடப்பதைப் பத்து ஆண்டுகளில் தீர்க்க வேண்டும். மின் நிலையத்திலிருந்து 300 கிலோமீட்டருக்குள் சாலையோ கட்டடமோ கட்டும் நிறுவனங்கள் சாம்பல் பொருள்களைப் பயன்படுத்த வேண்டும்.

95 சதவீதம் பயன்படுத்திவிட்டார்கள் என்று அரசுக் கணக்கு சொல்கிறதே, இன்னும் என்ன பிரச்சினை?

2021-22க்கான மத்திய மின்சார ஆணையக் கணக்கு அப்படித்தான் சொல்கிறது. பெரிய முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் ‘பயன்பாடு’ என்ற ஒரே தலைப்பின் கீழ் மிகவும் வேறுபட்ட இரண்டு காரியங்கள் அடங்கியிருக்கின்றன.

சிமென்டிலும் கான்கிரீட்டிலும் போகும் சாம்பல் வேதிவினையால் இறுகிப் பொருளின் பகுதியாகிவிடுகிறது. அதை மறுபடி கரைத்து எடுப்பது கடினம். இதைப் பயன்பாடு என்று தாராளமாகச் சொல்லலாம். பள்ளமான நிலத்தை நிரப்புவதும் கைவிட்ட சுரங்கக் குழியில் கொட்டுவதும் அதே கணக்கில் பயன்பாடாகத்தான் ஏறுகின்றன. அங்கே சாம்பல் சாம்பலாகவேதான் கிடக்கிறது, மழையும் நிலத்தடி நீரும் அதைத் தொட்டுக்கொண்டே இருக்கும். அடியில் விரிப்பும் மேலே மண்மூட்டமும் சுற்றிலும் கண்காணிப்புக் கிணறும் இல்லாமல் செய்தால் அது இடம் மாறிய குளம். எந்த நிலையமாவது ‘நூறு சதவீதம்’ என்று பலகை வைத்தால், அதில் சிமென்ட் எத்தனை, பள்ளம் எத்தனை என்று கேளுங்கள்.

பழைய குளங்களில் ஏற்கெனவே கிடக்கும் கோடிக்கணக்கான டன் இந்த 95 சதவீதத்துக்குள் வராது என்பதும் உண்டு.

ஃபிளை ஆஷ் கல்லில் வீடு கட்டலாமா?

கட்டலாம். ஃபிளை ஆஷோடு கிரஷர் தூள், சிமென்ட் அல்லது சுண்ணாம்பு, ஜிப்சம் கலந்து இயந்திரத்தில் அழுத்தி, தண்ணீர் ஊற்றிப் பதப்படுத்துகிறார்கள். சூளை இல்லை, விறகு இல்லை, ஏரி மண்ணும் தேவையில்லை. நல்ல கல் அளவில் சீராக இருக்கும், பூச்சுக் கலவையும் குறைவாகவே பிடிக்கும்.

குறை எங்கே வருகிறது? அவசரத்தில். அழுத்தி எடுத்த கல்லை உரிய நாள் தண்ணீரில் நனைக்காமல் லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். சிமென்டை மிச்சம் பிடித்துக் கிரஷர் தூளைக் கூட்டுகிறார்கள். இரண்டு கற்களை ஒன்றோடொன்று மோதினால் கணீரென்ற ஓசை வர வேண்டும், முனை உதிரக் கூடாது. ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்தால் எடை 20 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. இந்த ஒரு சோதனையை வீட்டிலேயே செய்யலாம், தராசு போதும். ‘பூச்சு பிடிக்கவில்லை, வெடிக்கிறது’ என்று கொத்தனார் சொன்னால் பெரும்பாலும் கல் மிக வழவழப்பாக இருக்கும், அல்லது கலவையில் சிமென்ட் அதிகமாக இருக்கும். சுவரைக் கொத்திவிட்டு, நனைத்து, மென்மையான கலவையில் பூசச் சொல்லுங்கள்.

பி.பி.சி. சிமென்டில் சாம்பல் கலப்பது கலப்படம் இல்லையா?

இல்லை. பி.பி.சி.க்கான இந்தியத் தர விதியே 15 முதல் 35 சதவீதம் ஃபிளை ஆஷ் சேர்க்கச் சொல்கிறது. சிமென்ட் இறுகும்போது மிஞ்சும் சுண்ணாம்போடு சாம்பலின் சிலிக்கா சேர்ந்து மேலும் இறுகுகிறது. அதனால் நாள்பட்ட வலிமையும் உப்புக்காற்றைத் தாங்கும் திறனும் கூடுகின்றன. கடற்கரை ஊர்களில் கம்பி துருப்பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். முதல் சில நாள்களில் மட்டும் வலிமை மெதுவாக ஏறும். நீராட்டலில் கஞ்சத்தனம் செய்தால் அந்த நன்மை எல்லாம் போய்விடும். நம் ஊர் வெயிலில் பி.பி.சி. கான்கிரீட்டுக்குக் குறைந்தது 14 நாள் ஈரம் வேண்டும். ஏழாம் நாளில் சாக்கைச் சுருட்டிவிடும் மேஸ்திரியிடம் இதைச் சண்டை போட்டாவது வாங்குங்கள்.

எஃப்.ஜி.டி. ஜிப்சம் என்றால் என்ன?

புகையைச் சுண்ணாம்புக்கல் கரைசலில் குளிப்பாட்டினால் கந்தக டை ஆக்சைடு அதில் பிடிபடும். காற்றை ஊதி ஆக்சிஜனேற்றம் செய்தால் ஜிப்சமாகப் படிகிறது. ஒரு டன் கந்தக டை ஆக்சைடைப் பிடிக்க 1.6 டன் சுண்ணாம்புக்கல் செலவாகி 2.7 டன் ஜிப்சம் கிடைக்கும், கூடவே 0.7 டன் கரியமில வாயு வெளியேறும். நம் நிலக்கரியில் கந்தகம் அரை சதவீதம் அளவே இருப்பதால் ஜிப்சமும் குறைவு. ஒரு 500 மெகாவாட் அலகு முழு வேகத்தில் ஓடினால் நாளைக்கு ஏறக்குறைய 3,000 டன் சாம்பல் வரும். ஜிப்சம் 200 டன் சொச்சம்தான்.

இது நல்ல சரக்கு. சிமென்ட் சட்டென்று இறுகிவிடாமல் இருக்க 3 முதல் 5 சதவீதம் ஜிப்சம் சேர்த்தே அரைக்கிறார்கள். இந்தியா ஜிப்சத்தை இறக்குமதி செய்யும் நாடு. ஜெர்மனியில் உள்சுவர்ப் பலகைகளுக்கான ஜிப்சத்தில் பெரும்பங்கு மின் நிலையங்களிலிருந்து வந்து பழகிவிட்டதால், நிலக்கரியைக் கைவிடும்போது ஜிப்சத்துக்கு எங்கே போவது என்று இப்போது கவலைப்படுகிறார்கள்.

எல்லா எஃப்.ஜி.டி.யும் ஜிப்சம் தராது. மும்பை டிராம்பேயிலும் தகானுவிலும் கடல்நீரையே பயன்படுத்தும் முறை இருக்கிறது. பிடித்த கந்தகம் சல்ஃபேட்டாகக் கடலுக்கே போகிறது. நெய்வேலியின் சுழல்படுகைக் கொதிகலன்களில் சுண்ணாம்புக்கல்லை அடுப்பிலேயே போட்டுவிடுவதால் கந்தகம் சாம்பலோடு கலந்துவிடுகிறது. சுண்ணாம்பும் சல்ஃபேட்டும் மிகுந்த அந்தச் சாம்பலைச் சாதாரண ஃபிளை ஆஷ் என்று நினைத்துக் கான்கிரீட்டில் போடக் கூடாது.

வயலுக்குப் போடலாமா?

ஜிப்சம், தாராளமாக. நிலக்கடலைக்கு மண் அணைக்கும்போது ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இடுவது நம் விவசாயிகளுக்குப் பழக்கமானதுதான். களர் நிலத்தில் மண்ணைப் பிடித்திருக்கும் சோடியத்தைக் கால்சியம் விலக்க, நல்ல தண்ணீரைத் தேக்கி வடித்தால் உப்பு வெளியேறும். வடிகால் இல்லாத வயலில் எவ்வளவு கொட்டினாலும் வீண். மின் நிலைய ஜிப்சம் வாங்குவதானால் குளோரைடு, பாதரச அளவுக்கான ஆய்வறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

சாம்பல் விஷயத்தில் இவ்வளவு தாராளம் வேண்டாம். இறுகிய களிமண்ணை அது பொலபொலப்பாக்கும் என்பது உண்மை. ஆனால் போரான் கூடினால் பயிர் கருகும். மண் பரிசோதனை செய்த பிறகே விவசாயத்தில் பயன்படுத்தலாம் என்று 2021 அறிவிக்கையே சொல்கிறது. ‘இலவசமாகக் கொட்டித் தருகிறோம்’ என்று வரும் லாரிக்கு வேண்டாம் என்று சொல்வதே நல்லது.

எஃப்.ஜி.டி. தேவையில்லை என்று அரசு சொல்லிவிட்டதாமே?

2015 டிசம்பரில் கந்தக டை ஆக்சைடுக்கு வரம்பு விதித்து இரண்டே ஆண்டு கெடு கொடுத்தார்கள். கெடு பல முறை நீண்டது. 2025 ஜூலையில் நிலையங்களை மூன்றாகப் பிரித்தார்கள். டெல்லி தலைநகர் மண்டலத்துக்கோ 10 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரத்துக்கோ 10 கிலோமீட்டருக்குள் இருப்பவை கட்டாயம் பொருத்த வேண்டும். மாசு மிகுந்த பகுதிகளுக்கு அருகில் இருப்பவை நிலையத்துக்கு நிலையம் முடிவு செய்யப்படும். மீதி, அதாவது நான்கில் மூன்று பங்குக்கு மேல், விலக்கு பெற்றன.

நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு, செலவு அதிகம், கரியமில வாயு கூடுகிறது என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். மூன்றும் பொய்யல்ல. ஆனால் கந்தக டை ஆக்சைடு காற்றில் சல்ஃபேட் நுண்துகளாக மாறிப் பல நூறு கிலோமீட்டர் போகக் கூடியது. பத்து கிலோமீட்டர் வட்டம் வரைந்ததும் அது அங்கே நின்றுவிடாது. இதில் எனக்கு உடன்பாடு இல்லை.

எஃப்.ஜி.டி. கழிவுநீரை என்ன செய்கிறார்கள்?

கரைசலைச் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்தும்போது குளோரைடு ஏறிக்கொண்டே போய்க் கருவியை அரிக்கும். அதனால் ஒரு பகுதியை வெளியே எடுத்தாக வேண்டும். பாதரசம், செலினியம், போரான் எல்லாம் இதில் சேர்ந்திருக்கும். சுண்ணாம்பும் சல்ஃபைடும் சேர்த்தால் பெரும்பாலான உலோகங்கள் படியும். செலினியம் எளிதில் படியாது, அதற்கு நுண்ணுயிர்த் தொட்டி வேண்டும். போரானும் குளோரைடும் அதற்கும் அசையா, ஆவியாக்கினால்தான் உண்டு. மலிவான வழி, இதைச் சாம்பலோடு கலந்து அனுப்பிவிடுவது. சாம்பல் குளத்துக்குள் இதையும் விட்டால் என்ன ஆகும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

பாதரசம், நைட்ரஜன் கட்டுப்பாடு சாம்பலின் தரத்தைக் கெடுக்குமா?

கெடுக்கலாம். பாதரசத்தைப் பிடிக்கக் கரித்தூள் தூவினால் அது ஃபிளை ஆஷில் கலந்து கான்கிரீட் ரசாயனங்களை உறிஞ்சிவிடும். நைட்ரஜனுக்காகச் செலுத்தும் அம்மோனியா மிஞ்சினால் சாம்பலில் தண்ணீர் பட்டதும் நெடி அடிக்கும். ஒரு மாசைப் பிடிக்கப்போய் விற்பனைச் சரக்கு ஒன்றைக் குளத்துக்குத் தள்ளுவது இப்படித்தான் நடக்கிறது. தேய்ந்த வினையூக்கியில் வனேடியம், டங்ஸ்டன் இருப்பதால் அதைத் தயாரித்தவரே திரும்ப எடுத்துக்கொள்ளும்படி ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

எங்கள் ஊருக்கு அருகில் சாம்பல் குளம் இருக்கிறது. கிணற்று நீரில் எதைச் சோதிக்க வேண்டும், யாரிடம் போக வேண்டும்?

சாதாரண ‘குடிநீர்ப் பரிசோதனை’ போதாது. அதில் கடினத்தன்மையும் புளோரைடும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். ஆர்செனிக், செலினியம், போரான், பாதரசம், சல்ஃபேட் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். இந்தியக் குடிநீர்த் தரப்படி லிட்டருக்கு ஆர்செனிக்கும் செலினியமும் 0.01 மில்லிகிராம், பாதரசம் 0.001, போரான் 0.5, சல்ஃபேட் 200. போரானும் சல்ஃபேட்டும் முதலில் ஏறினால் கசிவு வந்துசேர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். மண்ணில் ஒட்டாமல் தண்ணீரோடு வேகமாக நகர்பவை அவைதான். ஆனால் கடலோரக் கிணறானால் கடல்நீர் புகுந்தாலும் இவை ஏறும், அதனால் குளோரைடையும் சேர்த்துப் பாருங்கள். குளத்துக்கு மேட்டுப்பக்கக் கிணறு ஒன்றையும் பள்ளப்பக்கக் கிணறு ஒன்றையும் ஒரே நாளில், கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை என எடுத்தால்தான் வாதம் நிற்கும்.

புகாரை எழுத்தில் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம், அதாவது தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நிலையத்துக்கு வழங்கிய இசைவாணையின் நிபந்தனைகளையும் நிலத்தடி நீர் அறிக்கைகளையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறலாம். சென்னையிலுள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத் தென்மண்டல அமர்வுக்குப் போவதானால் காலக்கெடு முக்கியம்: சுற்றுச்சூழல் தகராறுக்குப் பிரச்சினை முதலில் எழுந்ததிலிருந்து ஆறு மாதம், இழப்பீட்டுக்கும் நிலத்தைச் சீரமைக்கவும் ஐந்து ஆண்டு. தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை ஏற்பார்கள். குழாய் உடைந்த படத்தைத் தேதியோடு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.